அத்தியாயம் 4: ஒன்றும் போடாத பாத்தி

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டக்காரரைக் கேட்டாலும் தன் மண்ணுக்கு எது ஒத்துவரும் என்று சொல்லிவிடுவார். ஒருவர் கிடை மாடு என்பார், இன்னொருவர் கண்மாய்க் கரம்பை என்பார், திராட்சைப் பந்தல் வைத்திருப்பவர் தொழு உரத்தோடு வேப்பம்பிண்ணாக்கு என்பார். அது இல்லாமல் இருந்திருந்தால் விளைச்சல் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அடுத்த கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். "போட்டேன், நல்லா வந்துச்சு" என்பதுதான் பதில். நல்லா வந்த வருஷத்தில் முல்லைப் பெரியாறு தண்ணீர் ஜூன் முதல் தேதியே வந்திருக்கலாம். கன்று நல்ல கன்றாக வாய்த்திருக்கலாம். விலை கிடைத்த காரணத்தால் அந்த வருஷம் முழுவதுமே மனதில் நல்ல வருஷமாகப் பதிந்திருக்கலாம்.

அதனால் இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்பது ஒரு சின்ன விஷயம். எதைப் போடுவதானாலும் ஒரு துண்டு நிலத்தில் அதைப் போடாமல் விடுங்கள். பக்கத்துத் துண்டில் போடுங்கள். இரண்டையும் எடை போட்டு எழுதி வையுங்கள். சொல்ல எளிது, செய்ய மனம் வராது. நல்லது என்று நம்பும் ஒன்றை நம் பயிரின் ஒரு பகுதிக்குத் தராமல் நிறுத்துவது பலருக்கும் பாவம் செய்வது போல இருக்கிறது.

பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இந்த விஷயத்தில் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற இடத்தில் பிராட்பாக் என்றொரு கோதுமை வயல் இருக்கிறது. 1843ல் அங்கே ஆய்வு தொடங்கியபோது ஒரு துண்டுக்கு எந்த உரமும் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். இன்று வரை அதற்கு ஒரு பிடி எருகூடக் கிடைத்ததில்லை. மற்ற துண்டுகளில் இட்டது எதுவாக இருந்தாலும் அதன் மதிப்பு இந்தத் துண்டை வைத்துத்தான் தெரிகிறது. கோயம்புத்தூரில் 1909ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயலிலும் இதே ஏற்பாடுதான்: ஒன்றும் இடாத பாத்தி ஒரு பக்கம், தொழு உரம் மட்டும் இட்ட பாத்தி ஒரு பக்கம், ரசாயன உரங்கள் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்ட பாத்திகள் ஒரு பக்கம்.

ஆனால் கோயம்புத்தூர் வயலின் முடிவு ஆண்டிபட்டிச் செவலுக்கு அப்படியே பொருந்தாது. இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே நடந்த சோதனைகள் வானம் பார்த்த பூமியில் கடன் வாங்கி விதைக்கும் ஆளுக்கு உதவாது என்று அவர் கண்டார். மதுரையில் பி. விவேகானந்தன் தொடங்கிய சேவா அமைப்பு "நம்வழி வேளாண்மை" இதழில் விவசாயிகளின் சொந்தக் கண்டுபிடிப்புகளைத் தொகுத்து வந்ததும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். நம் பெரியகுளத்தில் இருந்து 1989ல் வெளிவந்து உலகம் சுற்றும் பி.கே.எம்-1 முருங்கையே தூத்துக்குடிப் பக்கத்து எப்போதும்வென்றான் நாட்டு வகையில் இருந்து தேர்ந்தெடுத்ததுதான். நிலையத்துக்கு முன்னால் நிலத்தில் யாரோ ஒருவர் விதை பொறுக்கி வைத்திருக்கிறார்.

பாத்தியைப் பிரிப்பது

முதலில் கேள்வியை ஒன்றாக்குங்கள். "கிடை போட்டு, கரம்பை அடித்து, அமிர்தக்கரைசலும் விட்டேன்" என்றால் எது வேலை செய்தது என்று சொல்ல வழியில்லை. இந்தப் போகத்துக்கு ஒன்று, அடுத்த போகத்துக்கு இன்னொன்று.

நிலத்தை ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். ஒரு ஜோடியில் இரண்டு துண்டு: ஒன்றுக்குப் போடுவது, ஒன்றுக்குப் போடாதது. மூன்று ஜோடி இருந்தால் நல்லது. நெல், சோளம், தக்காளி என்றால் துண்டு ஒன்றுக்கு இரண்டு சென்ட் போதும். வாழை என்றால் துண்டுக்கு இருபது கன்று. நிலம் சரிவாக இருந்தால் துண்டுகள் மேட்டில் இருந்து பள்ளம் வரை நீளமாக ஓட வேண்டும். மேட்டுத் துண்டு ஒன்று, பள்ளத்துத் துண்டு ஒன்று என்று பிரித்தால் பள்ளம்தான் ஜெயிக்கும், உங்கள் உரம் ஜெயிக்காது. வாய்க்கால் பாசனத்தில் ஒரு துண்டின் தண்ணீர் அடுத்த துண்டுக்குள் போகாதபடி தனித்தனி மடை வையுங்கள். இல்லாவிட்டால் எரு இட்ட பாத்தியின் சத்து இடாத பாத்திக்கும் போய்ச் சேரும்.

எந்தத் துண்டுக்குப் போடுவது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பாருங்கள். நாமே தேர்ந்தெடுத்தால் கை தானாக நல்ல துண்டுக்குப் போகும், அல்லது இரக்கப்பட்டு மட்டமான துண்டுக்குப் போகும். ஆர். ஏ. ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் 1920களில் அதே ராதம்ஸ்டெட்டில் உட்கார்ந்து இந்த முறையை விஞ்ஞானமாக்கினார். நமக்கு ஒரு ரூபாய் நாணயம் போதும்.

மற்றதெல்லாம் இரண்டு துண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நாள் நடவு, ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே களையெடுப்பு. ஓரத்து வரிசையை எடைக்கு எடுக்க வேண்டாம். வரப்போரப் பயிருக்கு வெளிச்சம் கூடுதல், பக்கத்துத் துண்டின் சத்தையும் வேர் இழுக்கும்.

கிடை

பள்ளத்தாக்கின் மிகப் பெரிய உள்ளூர் வளம் நான்கு காலில் நடக்கிறது. இருபோக நெல் நடக்கும் 14,707 ஏக்கரில் இரண்டாம் போக அறுப்பு முடிந்ததும் கிடை மாடும் ஆட்டுக்கிடையும் இறங்கும். ஆட்டுப் புழுக்கையில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து உண்டு. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். கிடையில் கூடுதல் லாபம் மூத்திரம். தொழுவத்தில் வழிந்து வீணாவது இங்கே நேராக மண்ணில் இறங்குகிறது.

ஆனால் மூத்திரத்தில் உள்ள தழைச்சத்து வெயில் பட்டால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். கிடை நகர்ந்த மறுநாளே மேலாக ஓர் உழவு ஓட்டுவதா, பத்து ஏக்கருக்கும் கிடை முடிந்த பிறகு மொத்தமாக ஓட்டுவதா? டிராக்டர் வாடகையை நினைத்துப் பெரும்பாலோர் இரண்டாவதைச் செய்கிறார்கள். இதைச் சோதிக்க வேண்டும். மூன்று துண்டு போதும்: கிடையே இல்லாதது, கிடை போட்டு மறுநாள் உழுதது, கிடை போட்டு இரண்டு வாரம் கழித்து உழுதது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள நெல் எடை வித்தியாசத்தை உழவுக் கூலியோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். இந்த விடையை எந்தப் புத்தகமும் உங்கள் வயலுக்குச் சொல்லாது, இந்தப் புத்தகமும் சேர்த்துத்தான்.

இன்னொரு குறிப்பும் எழுதுங்கள்: கிடைத் துண்டில் முளைத்த சீமைக்கருவேலக் கன்றுகள் எத்தனை? காய்ந்த நெற்று தின்ற ஆடு விதையைச் சிதையாமல் புழுக்கையோடு போட்டுவிடும்.

கிடை மாடு இனி எத்தனை காலம் கிடைக்கும் என்பது தனிக் கவலை. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022ல் உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலைத் தடுத்து, பிறகு அந்தத் தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று குறுக்கியது. மேகமலைப் பக்கத்து மலை மாடுகளுக்கு அந்தக் குறுக்கலால் பெரிய விடுதலை இல்லை. மேய்ச்சல் போனால் மாடு போகும், மாடு போனால் எரு போகும். புலியைக் காப்பது தவறென்று சொல்லவில்லை. அந்தக் கணக்கில் வயலுக்கு வரும் எருவையும் யாராவது ஒரு வரியில் எழுதியிருக்கலாம்.

கரம்பை

கண்மாய் வண்டல் எல்லா மண்ணுக்கும் மருந்து என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மணல் பாங்கான செவலுக்கு அது அருமை. களிச்சத்து சேரும், தண்ணீர் நிற்கும். ஏற்கெனவே களியாக இருக்கும் நஞ்சையில் கொட்டினால் மண் இன்னும் இறுகும். லாரி பேசுவதற்கு முன் அந்தக் கண்மாய் மண்ணில் ஒரு கிலோ எடுத்து வந்து கார அமில நிலையும் உப்பின் அளவும் பாருங்கள். ஊர்ச் சாக்கடை கலக்கும் கண்மாயைத் தொடவே வேண்டாம். 2024 முதல் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அனுமதி எளிதானதால் நேரமும் மிச்சம், அந்த நேரத்தை மண் பரிசோதனைக்குச் செலவிடலாம்.

கொட்டிய குவியலை மழைக்கு முன் பரப்பிவிட வேண்டும். குவியல் இருந்த இடத்தில் மட்டும் பயிர் கருகருவென்று நின்றால் அது சோதனை ஆகாது. கரம்பையின் பலன் ஒரே போகத்தில் தீராது. அதனால் அந்தத் துண்டின் நான்கு மூலையிலும் கல் நட்டு, குறைந்தது மூன்று வருஷம் அதே துண்டைக் கவனியுங்கள்.

வாழைத் தண்டும் திராட்சைக் கவாத்தும்

தேனி மாவட்டத்து வாழைத் தோட்டங்களில் தார் வெட்டிய பிறகு தண்டைச் சுமந்துபோய் ஓடைக் கரையில் தள்ளும் பழக்கம் இருக்கிறது. தோட்டக்கால் வாழைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல்சத்து. ஏக்கருக்கு 1,200 மரம் என்று வைத்தால் சாம்பல்சத்து மட்டும் 396 கிலோ. பொட்டாஷ் மூட்டையின் விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சத்தில் நல்ல பங்கு தண்டிலும் மட்டையிலும்தான் இருக்கிறது. ஓடைக்குப் போவது அதுதான்.

தண்டில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். துண்டு போட்டு வரிசைக்கு நடுவே பரப்பினால் சீக்கிரம் வாடிச் சுருங்கும். கூன்வண்டு வரும் என்ற பயம் நியாயமானது. அதனால்தான் முழுத் தண்டாகப் போடாமல் நெடுக்காகப் பிளந்து காயவிடச் சொல்கிறோம். சோதனை: இருபது மரத்துக்குத் தண்டை மூடாக்காகப் போட்டு பொட்டாஷை நாலில் ஒரு பங்கு குறையுங்கள், இருபது மரத்துக்கு வழக்கம்போல் முழு உரம். குலை தள்ளிய நாள், ஓரடி உயரத்தில் தண்டின் சுற்றளவு, சீப்பு எண்ணிக்கை, தார் எடை ஆகிய நான்கையும் எழுதுங்கள்.

திராட்சையில் சங்கதி வேறு. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைக்குப் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்த போர்டோ கலவை அடிக்காத பந்தல் அபூர்வம். அந்தக் கலவையின் மயில்துத்தத்தில் உள்ள செம்பு மண்ணில் தங்கும், மழையோடு கீழே இறங்கிப் போய்விடாது. பழைய பந்தலில் மண்புழு குறைந்திருந்தால் எருவைக் குறை சொல்வதற்கு முன் மண்வள அட்டையில் செம்பின் அளவைப் பாருங்கள். அட்டையில் உள்ள பன்னிரண்டு அளவுகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலோர் தழை, மணி, சாம்பல் மூன்றோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கவாத்துக் கழிவை மட்க வைத்துத் திரும்பப் போடுகிறவர் அந்தச் செம்பையும் சேர்த்தே திருப்பிப் போடுகிறார் என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்தில் கிடைக்கும் வேம்பு, புங்கன் தழையைப் பந்தலின் ஒரு வரிசைக்கும் கவாத்து மட்கை இன்னொரு வரிசைக்கும் இட்டுப் பார்ப்பது செய்யத் தக்க சோதனை.

கரைசல்கள்

இந்தப் பகுதியைப் படித்துக் கோபப்படுபவர்கள் இருப்பார்கள். கணக்கைப் பாருங்கள். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணி, 10 லிட்டர் வரை மூத்திரம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். இவை எல்லாம் சேர்ந்து தரும் தழைச்சத்து சில நூறு கிராம்தான். மேலே சொன்ன வாழை ஏக்கருக்குக் கேட்பது 132 கிலோ. ஆகவே கரைசலை உரம் என்று நினைத்து மற்ற எருவை நிறுத்தினால் மண் கடன்படும். கரைசலை ஆதரிப்பவர்களும் அதை நுண்ணுயிர்க்கு ஊட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அது உண்மையா என்று உங்கள் தோட்டத்தில் பார்க்க ஒரே வழி, இரண்டு துண்டுக்கும் ஒரே அளவு எருவும் மூடாக்கும் போட்டு, ஒன்றுக்குக் கரைசல், இன்னொன்றுக்கு அதே 200 லிட்டர் வெறும் தண்ணீர் விடுவது. தண்ணீரை மறந்தால் சோதனை கெட்டுவிடும். கோடையில் வாடிய பயிருக்கு எதைக் கரைத்து ஊற்றினாலும் நிமிரும்.

வித்தியாசம் இல்லை என்று வந்தால் கரைசல் தயாரிக்கும் கூலியும் வெல்லமும் மிச்சம். வித்தியாசம் வந்தால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு எண்ணோடு சொல்லலாம்.

பசுந்தாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நஞ்சையில் இரண்டாம் போக அறுப்புக்கும் ஜூன் தண்ணீருக்கும் இடையே கோடை மழை கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45ஆம் நாள் வாக்கில் பூக்கும்போது மடக்கி உழுங்கள். ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு மானாவாரியில் கொழிஞ்சி சிறந்தது. ஆடு மாடு கடிக்காது, ஒருமுறை காய் வெடித்துவிட்டால் வருஷாவருஷம் தானாக முளைக்கும். விதைத்தோல் கடினம் என்பதால் முதல் விதைப்பில் மணலோடு சேர்த்துத் தேய்த்து விதையுங்கள்.

மண்ணை அளப்பது

மண்வள அட்டையில் கரிமச்சத்து ஒரே வருஷத்தில் ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஓர் ஏக்கரில் அரையடி ஆழ மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. கரிமம் 0.1 சதவீதம் ஏற வேண்டுமென்றால் 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். ஐந்து டன் தொழு உரத்தில் பாதி தண்ணீர். மீதியில் உள்ள கரிமமும் நம் ஊர் வெக்கையில் பெரும்பகுதி காற்றாகிப் போய்விடும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் போனால் அதிகம் என்று அட்டை சொல்லும். ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போக வருஷக்கணக்கில் ஆகும்.

அதற்குள் மாறும் விஷயங்கள் உண்டு. அவற்றை வீட்டுச் சாமான்களை வைத்தே அளக்கலாம். ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் அரையடி வெட்டி, பாதி மண்ணுக்குள் இறங்கும்படி அடியுங்கள். 450 மில்லி தண்ணீரை மெதுவாக ஊற்றி அது முழுவதும் இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். அது ஏறத்தாழ ஓர் அங்குல மழைக்குச் சமம். உடனே இரண்டாம் தடவை ஊற்றுங்கள், அந்த நேரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்தது, நன்றாகக் காய்ந்த சிறு மண்கட்டியை டீ வடிகட்டியில் வைத்துத் தண்ணீரில் முக்குங்கள். ஐந்து நிமிஷத்தில் கரைந்து போனால் மண்ணில் பிடிப்பு இல்லை. மூன்றாவது மண்புழு: தண்ணீர் பாய்ச்சிய இரண்டாம் நாள் காலையில் ஓரடி நீள அகல ஆழத்துக் குழி எடுத்து, மண்ணைச் சாக்கில் பரப்பி எண்ணுங்கள். நான்காவதாக, ஒரே பழைய பருத்தி வேட்டியில் இருந்து சாண் அளவுத் துண்டுகள் கிழித்து இரண்டு பாத்தியிலும் அரையடி ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். எது அதிகம் மட்கியதோ அங்கே நுண்ணுயிர் வேலை அதிகம். கரை போட்ட பாலியஸ்டர் கலந்த வேட்டி ஆகாது.

களையெடுக்க வரும் பெண்களைக் கேட்காமல் எந்தச் சோதனையையும் முடிக்காதீர்கள். களைக்கொட்டு எங்கே லேசாக இறங்குகிறது, எங்கே மணிக்கட்டு நோகிறது, எங்கே கோரை அதிகம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். எந்தத் துண்டுக்கு என்ன போட்டீர்கள் என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். முதலாளிக்குப் பிடித்த பதிலைச் சொல்லும் சங்கடத்தில் இருந்து அவர்களும் தப்பிப்பார்கள்.

நோட்டில் கூடை, வண்டி, பிடி என்று எழுதாமல் கிலோவில் எழுதுங்கள். கூலி, உழவு வாடகை, மழை பெய்த நாள் எல்லாம் அதே பக்கத்தில் வரட்டும்.

ஐந்து பேர் சேர்ந்தால்

ஒரே தோட்டத்தில் மூன்று ஜோடி வைத்து, மூன்றிலும் எரு இட்ட துண்டு கூடுதலாக விளைந்தால் நம்பலாமா? எரு ஒன்றுமே செய்யாவிட்டாலும், மூன்று தடவை காசு சுண்டினால் மூன்றும் பூவாக விழ எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறதே. ஐந்து தோட்டத்தில் ஆளுக்கு ஒரு ஜோடி வைத்து ஐந்திலும் எரு இட்ட துண்டே கூடுதலாக விளைந்தால், குருட்டு அதிர்ஷ்டத்தால் அப்படி வர முப்பத்திரண்டில் ஒரு வாய்ப்புதான். அதனால் ஒருவரே ஏக்கர் கணக்கில் சோதிப்பதைவிட, உத்தமபாளையம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஐந்து பேர் ஒரே கேள்வியை ஆளுக்கு நாலு சென்ட்டில் கேட்பது மேல். காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தின் வேலைகளில் வயல்வெளி ஆய்வும் ஒன்று. கேள்வியோடு போனால் வடிவமைப்பில் உதவி கேட்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியும் ஆனைமலையன்பட்டித் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஐந்தில் மூன்று ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம் என்று வந்தால் நோட்டை மூடிவிடாதீர்கள். ஐந்து பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து மண்வள அட்டைகளைப் பக்கத்தில் வையுங்கள். பலன் தந்த மூன்றும் செவலாகவும் தராத இரண்டும் களியாகவும் இருக்கக்கூடும். அப்படி இருந்தால் அடுத்த போகத்துக் கேள்வி தயார்.

நாள் கணக்கு: நஞ்சைக்காரர்கள் மாசி, பங்குனி அறுப்புக்கு முன்பே மண் மாதிரி எடுக்கும் இடத்தைக் குறித்துவிடுங்கள். அறுத்த உடனே, எதையும் இடுவதற்கு முன், வரப்பு, மரநிழல், பழைய எருக்குவியல் தவிர்த்துப் பத்து இடத்தில் 'வி' வடிவக் குழி போட்டு, அரையடி ஆழம் வரை ஒரே கனத்தில் சீவி எடுத்துக் கலந்து, அரைக் கிலோவாகக் குறையுங்கள். மானாவாரிக்காரர்களுக்கு ஆடிக்கு முந்தைய மாதம் சரி. கிடைக்காரரிடம் ராத்திரிக்கு இவ்வளவு என்று விலை பேசும்போதே, கல் நட்ட பாத்தியைக் காட்டி இதற்குள் வலை வரக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். மந்தை இறங்கிய பிறகு போய்ச் சொன்னால், அந்த மூலையில்தான் குட்டிகள் படுத்திருக்கும்.